லைட் போடறதுக்கு எம்.ஏ.வா?

எங்கள் நாடகக் குழு ஒத்திகை பார்த்த இடம் திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில், மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, அடுக்கிவைத்திருந்த ஒரு பழைய குடோன். தகரக் கூரை, நடுவில் ஒரு சிமெண்டுத் தூண். ஜன்னல்களில் கறுப்புத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டால் பகல் பதினொரு மணிக்கும் உள்ளே கும்மிருட்டு. பௌர்ணமியன்று மட்டும் ஒத்திகை கிடையாது. கிரிவலக் கூட்டத்தைத் தாண்டி சைக்கிள்கூட வர முடியாது. மற்றபடி ஏழு வருடம், சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், நான் அந்த இருட்டுக்குள்தான் இருந்தேன்.

வாரநாட்களில் ஒரு தனியார் பள்ளியில் லேப் அசிஸ்டெண்ட் வேலை. நான் வாங்கிய இயற்பியல் பட்டம் அதற்குத்தான் உதவியது. குழுவில் என் வேலை விளக்கு. மேடை முழுக்கப் பரவும் எட்டு பார் லைட், ஓரிடத்தில் குவியும் நான்கு ஸ்பாட், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க, அரை மணி நேரத்தில் சூடாகி வாடை அடிக்கும் ஒரு டிம்மர் பெட்டி, இவ்வளவுதான் எங்கள் சொத்து. எதை எங்கே தொங்கவிட வேண்டும், எந்த வசனத்தில் எது எரிய வேண்டும், எது மெல்ல அணைய வேண்டும் என்பதையெல்லாம் நோட்டில் எழுதி, கட்டி, இயக்கியதும் நான்தான். இயக்குநர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் சோகமா வேணும்மா” என்பார். சோகத்தை எந்த விளக்கிலிருந்து எடுப்பது என்பது என் பாடு.

அவர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். ஐம்பதைத் தொட்டிருந்தார். நல்ல குரல். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்கள் தங்களை அறியாமல் தலையாட்டிவிடுவார்கள். நானும் ஏழு வருடம் தலையாட்டினேன்.

ஒரு டிசம்பரில் அவர் ஒத்திகைக்கு ஒரு பெண்மணியைக் கூட்டிவந்தார். செங்கம் ரோட்டில் அறை எடுத்து இரண்டு வாரம் தங்கியிருந்தவர். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் ஒளியமைப்பு கற்பிக்கிறார் என்றார்கள். பெற்றோர் தமிழர்கள், பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேயே. அதனால் அவருடைய தமிழ் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. நாங்கள் அவரை மேடம் என்று கூப்பிட்டோம்.

ஒத்திகை முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். “லைட்ஸ் யார் செய்தார்கள்?”

“நம்மதுதான் மேடம்” என்றார் இயக்குநர். “இந்தப் பொண்ணு ஆப்பரேட் பண்ணுது.”

அந்த ‘நம்ம’வில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. மேடம் விடவில்லை. கிணற்றடிக் காட்சியில் மனைவி வெளியே போன பிறகும் இடது பக்க விளக்கு ஏன் எரிந்துகொண்டே இருந்தது என்று கேட்டார்.

இயக்குநர் கொஞ்சம் யோசித்து, “அது ஒரு ஏக்கம் மேடம்” என்றார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். நான் டிம்மர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டே சொன்னேன். “அவ போனப்புறமும் புருஷன் அந்தப் பக்கம் பாத்துதாங்க பேசறாரு. அணைச்சுட்டா சுவத்துகிட்ட பேசற மாதிரி ஆயிடும்.”

அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. என்னைப் பற்றி ஒருவர் எழுதி மூடிவைத்துக்கொள்வது வங்கி மேனேஜர் முன்னால் நிற்பதுபோல இருந்தது.

இரண்டு நாள் கழித்து யாரிடமோ என் நம்பர் வாங்கி, டீ குடிக்க வரச்சொன்னார். அவர் தங்கியிருந்த பக்கத்தில் வெளிநாட்டவர்களுக்காகத் திறந்த ஒரு காபிக் கடை. திருவண்ணாமலையிலேயே பிறந்த நான் அதற்குள் போனது அன்றுதான் முதல் தடவை. ஒளியமைப்பில் எம்.ஏ., இரண்டு வருடம், உதவித்தொகை உண்டு, விடுதி உண்டு, ஏப்ரலில் நேர்காணல் என்று அடுக்கினார்.

“என்னை எதுக்குங்க கூப்பிடறீங்க?”

“உன்னிடம் காரணம் இருந்தது. ஒரு விளக்குக்குக் காரணம் சொன்னாய்.”

“உங்களுக்கு இதுல என்னங்க?”

அவர் சிரித்தார். “நல்ல ஸ்டூடண்ட் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்.”

பதில் அவ்வளவு வழவழப்பாக வந்தது எனக்கு உறுத்தியது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் ஒரு பத்திர எழுத்தரிடம் அவள் பத்து வருடமாக டைப் செய்கிறாள். அண்ணன் தம்பி ஒருவரை ஒருவர் ஏமாற்றுவது, செத்தவர் கையெழுத்துப் போடுவது, இல்லாத கிணற்றை விற்பது என்று எல்லாவற்றையும் பார்த்தவள். வாயால் சொல்வது எதுவும் அவளுக்குக் கணக்கே இல்லை.

“சீட்டு நிரப்ப ஆள் புடிக்கறாங்கடி” என்றாள் அடுத்த நொடியே. “பிளஸ் டூ ரிசல்ட் வந்தா காலேஜ்காரங்க வீடு வீடா வருவாங்களே, பையும் குடையும் குடுத்து. அதேதான். இவங்க டீ வாங்கிக் குடுத்திருக்காங்க.”

“உதவித்தொகை இருக்குதாம்.”

“எழுத்துல குடுத்தாங்களா?”

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து நிமிர்ந்து சிரித்தார். “லைட் போடறதுக்கு எம்.ஏ.வா? நான் முப்பது வருஷம் ஊருக்கே லைட் போட்டேன். எட்டாவதுதான் படிச்சிருக்கேன்.” பிறகு சிரிப்பு நின்று, “ஏம்மா, இது நெஜமாவே இருக்கற படிப்பா? நல்லா விசாரிச்சியா?” என்றார்.

இயக்குநரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து ரொம்ப அன்பாகப் பேசினார். “படிச்சா உன் கை கெட்டுடும்மா. உனக்கு இருக்கறது சொல்லிக்குடுத்து வராது. அவங்க கம்ப்யூட்டர்ல கோடு போடச் சொல்லுவாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வர்றப்ப உனக்கு சோகம்னா என்னன்னு மறந்துபோயிருக்கும்.”

ஒரு நாள் முழுக்க அந்தப் பேச்சில் குளிர்ந்துபோய் இருந்தேன். மறுநாள் லேபில் பிப்பெட் கழுவும்போது, அவருடைய மகள் சென்னையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தது. அவள் கை கெட்டுப்போகும் என்று அவர் பயந்ததாகத் தெரியவில்லை.

இப்படியாக எனக்கு ஆலோசனை சொன்ன ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. மேடத்துக்கு ஆள் வேண்டும். இயக்குநருக்கு நான் போகக்கூடாது. அப்பாவுக்கு நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அக்காவுக்கோ எல்லாரும் திருடர்கள். யாருக்கும் ஒன்றும் கிடைக்காத ஒரு ஆலோசனை எங்கே கிடைக்கும் என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று விண்ணப்பத்தைத் தரவிறக்கினேன்.

அதில் ஒரு இடத்தில், நான் ஒளியமைத்த நாடகங்களுக்கான ஆதாரம் கேட்டிருந்தார்கள். அக்கா பீரோவிலிருந்து ஏழு வருட நோட்டீஸ்களையும் எடுத்துத் தரையில் பரப்பினாள். குனிந்து ஒவ்வொன்றாக, வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

“உன் பேர் எங்கடி?”

காட்டினேன். கடைசி வரியில், ‘உதவி’ என்று போட்டுப் பதினோரு பேர் பெயருக்கு நடுவில் இருந்தது. எல்லா நோட்டீஸிலும் ‘கதை, இயக்கம், ஒளியமைப்பு’ என்று ஒரே வரி. அதற்கு நேராக இயக்குநரின் பெயர்.

நான் அதைப் பார்க்காமல் இல்லை. ஏழு வருடம் அந்த நோட்டீஸ்களை நானே அச்சகத்திலிருந்து வாங்கிவந்து மடித்திருக்கிறேன். ஆனால் அக்கா விரலை வைத்துக் காட்டும்வரை அதை ஒரு செய்தியாக நான் படித்ததில்லை. வெட்கமாக இருந்தது. அவர் ஏமாற்றினார் என்பதைவிட, நான் கேட்கவே இல்லை என்பதுதான் அதிகமாகச் சுட்டது.

“போய் ஒரு லெட்டர் வாங்கிட்டு வா” என்றாள் அக்கா. “இது எல்லாம் நீ பண்ணதுன்னு.”

கேட்டேன். மூன்று வாரம் இழுத்தடித்துக் கொடுத்தார். குழுவின் லெட்டர்ஹெட்டில் நான்கு வரி. நான் ஏழு ஆண்டுகளாக நேரம் தவறாமலும் பணிவுடனும் குழுவின் மின்விளக்குப் பணிகளில் உதவிவருவதாகவும், என் நன்னடத்தைக்குத் தாம் உறுதியளிப்பதாகவும் எழுதியிருந்தார்.

அக்கா படித்துவிட்டு மேஜையில் போட்டாள். “என்னடி இது, ஜெயில்ல இருந்து வெளிய வர்றவங்களுக்குக் குடுக்கற மாதிரி?”

அதற்குப் பிறகு அவள் செய்தது இன்றைக்கும் என்னைச் சிரிக்கவைக்கும். என்னுடைய பதினோரு நோட்டுகளையும் எடுத்தாள். எந்தப் பக்கம் எந்த நாடகம், எந்த வருடம் என்று ஓரத்தில் எழுதவைத்தாள். ஒவ்வொரு நாடகத்தின் கடைசிப் பக்கத்திலும் கீழே கோடு போட்டு, ‘மேற்கண்ட ஒளியமைப்புக் குறிப்புகள் இவரால் எங்கள் முன்னிலையில் எழுதப்பட்டு, இவராலேயே மேடையில் செய்யப்பட்டவை’ என்று தன் பத்திர நடையில் எழுதினாள். அதன் கீழே சாட்சி ஒன்று, சாட்சி இரண்டு.

எங்கள் குழுவில் ராஜா வேஷம் போடுகிறவர் ஆட்டோ ஓட்டுகிறார். பேருந்து நிலையத்தில் அவரைப் பிடித்தோம். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “அந்தாளு வருத்தப்படுவாரே” என்றார். கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரைத் துடைத்தார். பிறகு, “நீ ஏறறப்ப ஏணி புடிச்சவன் நானு. வேற யாரும் ஏறி நான் பாத்ததில்ல” என்று சொல்லி எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டார். ராணி வேஷம் போடுகிற தையல்காரம்மா மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான்கு நாள் கழித்து அவரே வீட்டுக்கு வந்து, “எங்க போடணும், காட்டு” என்றார். ஏன் மனம் மாறினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விஷயம் இயக்குநர் காதுக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு குடோனில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சாட்சிக் கையெழுத்து வாங்கறியாமே. என் மேல கேஸ் போடப்போறியா?”

“இல்ல சார். அட்மிஷனுக்கு.”

“நாடகம்னா எல்லாரும் சேந்து பண்றதும்மா. அதுல இது உன்னுது இது என்னுதுன்னு கோடு போட்டா நாடகமே இல்ல.”

நோட்டீஸில் கோடு போட்டிருக்கிறீர்களே சார் என்ற பதில், ஆட்டோவில் பாதி வழி வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

நேர்காணலுக்கு அப்பா கூடவே வந்தார். அந்த இடம் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் மேடமும் ஒருவர். ஒரு பெரியவர் என் நோட்டைப் புரட்டி, கடைசிப் பக்கத்தின் கையெழுத்துகளைப் பார்த்து, இது என்ன நிலப் பத்திரமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஏன் அப்படிச் செய்ய வேண்டிவந்தது என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். சிரிப்பு நின்றது. பிறகு ஒரு நாற்காலி, மூன்று விளக்கு, பத்து நிமிடம் கொடுத்து, யாரோ எழுந்துபோன நாற்காலியாக அதைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன்.

வெளியே வந்தபோது அப்பா நடைபாதையிலிருந்த சுவிட்ச்போர்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இடம் நெஜமாத்தான் இருக்குது” என்றார். “ஆனா எர்த் சரியில்ல. பாத்துத் தொடு.”

இடம் கிடைத்தது. லேப் வேலையை விட்டுவிட்டுப் போனேன். அதே வருடம், முப்பது வயதில்.

அந்த இரண்டு வருடத்தைப் பற்றிக் கேட்பவர்கள் என்ன கற்றுக்கொண்டாய் என்றுதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் எனக்குத் தெரிந்ததையே வேறு பெயரில் சொன்னார்கள். நான் நோட்டில் எழுதியதைக் கம்ப்யூட்டரில் வரைந்தார்கள். இயக்குநர் சொன்னபடி கோடு போடத்தான் வைத்தார்கள். வகுப்பில் முதல் மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏமாந்துவிட்டேனோ என்ற கேள்வி ஒவ்வொரு நாளும் என்னோடு எழுந்து, என்னோடு சாப்பிட்டது.

முதல் பருவத்தின் இறுதியில் ஒவ்வொருவரும் பத்து நிமிடக் காட்சி ஒன்றுக்கு ஒளியமைக்க வேண்டும். நான் நன்றாகத்தான் செய்திருந்தேன். மேடம் பார்த்துவிட்டு, ஒவ்வொரு விளக்காகச் சுட்டிக்காட்டி இது ஏன், இது ஏன் என்று கேட்டார். இடது பக்கம் உயரத்திலிருந்து சாய்வாக வந்த ஒரு விளக்குக்கு வந்தார்.

“இது?”

“அது இல்லன்னா முகம் பாதி இருட்டாயிடுங்க.”

“அணைத்துப் பார்.”

அணைத்தேன். முகம் இருட்டாகவில்லை. ஒன்றுமே மாறவில்லை. நான் மேடையையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு புரிந்தது. அடி அண்ணாமலைக் குடோனில் தூணின் நிழல் அந்த இடத்தில்தான் விழும். ஏழு வருடமாக அந்த நிழலை அழிக்க ஒரு விளக்கைச் சாய்த்துக் கட்டி, பிறகு அதையே பழக்கமாக்கி, எந்த ஊர் மேடைக்குப் போனாலும் கட்டிக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தில் ‘சாய்வொளியில் எனக்குத் தனி ஈடுபாடு’ என்றுகூட எழுதியிருந்தேன். இங்கே தூணே இல்லை.

அன்று விடுதி அறைக்கு வந்து படுத்துக்கொண்டேன். அறைத்தோழியிடம் தலைவலி என்றேன். அதுவரை மற்றவர்கள் மீது மட்டும் இருந்த சந்தேகம் என் மேலேயே திரும்பியிருந்தது. என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு அந்தக் குடோனுடையது? அதற்கப்புறம் ஒவ்வொரு விளக்காக என்னை நானே விசாரிக்க ஆரம்பித்தேன். அதைச் செய்ய அங்கே நேரம் இருந்தது. தப்புச் செய்தாலும் காட்சி போய்விடாது, யாரும் அனுப்பிவிட மாட்டார்கள். மதிப்பெண் கம்மியாகும், அவ்வளவுதான். கற்றுக்கொண்டது என்று ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதைச் சொல்வேன்.

இரண்டாவது பருவத்தில், நான் அங்கே படிக்கிறேன் என்பதற்கு ஒரு சான்றிதழ் வாங்கத் துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் என் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நீதானே ஆறாவது ஆள் என்றார். எனக்குப் புரியவில்லை. ஆறு பேருக்குக் குறைந்தால் பாடப்பிரிவை நிறுத்திவிடுவது விதி, அந்த வருடம் ஐந்து பேர்தான் இருந்தார்கள், நீ வந்ததால் தப்பித்தது என்று அவர் பெருமையாகவே சொன்னார்.

அக்காவின் குரல் காதில் கேட்டது. சீட்டு நிரப்ப ஆள் பிடிக்கிறார்கள்.

நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். அவர் விளக்குக்கு முன்னால் செருகும் ஜெல் தாள்களை வண்ணவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். கதவருகே நின்றபடியே கேட்டேன்.

“நான் ஆறாவது ஆளாங்க?”

அவர் தாளைக் கீழே வைத்தார். பொய் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஆமாம்” என்றார். “கோர்ஸை மூடிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. அந்த வருடம் எங்கே போனாலும் ஆள் தேடினேன். திருவண்ணாமலைக்கும் அந்தக் கண்ணோடுதான் வந்தேன்.”

“நல்ல ஸ்டூடண்ட் கிடைச்சா சந்தோஷம்னு சொன்னீங்க.”

“அதுவும் உண்மைதான். இரண்டும் உண்மை.” பிறகு, “யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம். உன்னைத்தான் கூப்பிட்டேன்” என்றார்.

நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தை இன்றுவரை முழுசாக நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். நான் சொன்னேன் பார் என்று குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள், “ஒத்துக்கிட்டாங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “நேருக்கு நேரா கேட்டா ஒத்துக்கறவங்கள நான் எங்க ஆபீஸ்ல பாத்ததே இல்லடி. இருந்து முடிச்சுட்டு வா” என்றாள்.

முடித்துவிட்டு வந்தேன். திருவண்ணாமலையில் எட்டு மாதம் சும்மா இருந்தேன். சென்னையில் ஒரு நாடகக் குழுவுக்கு விண்ணப்பித்தேன். போனில் பேசியவர் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஏணி ஏறுவீங்களா?” என்றார். ஏறுவேன் என்றேன். ஏணி ஏறத் தெரிந்த ஆள் ஏற்கனவே இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். கல்யாண ரிசப்ஷன் மேடைகளுக்கு விளக்குப் போடும் ஒரு கம்பெனிக்கு நேரில் போனேன். அதன் முதலாளி என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எம்.ஏ. படிச்சுட்டு இங்க எதுக்கு வர்றீங்க? அங்க ஏதாவது பிரச்சினை ஆச்சா?”

“இல்லைங்க. வேலை வேணும்.”

“ஜாஸ்தி படிச்சவங்க நிக்க மாட்டாங்கம்மா. நாலு மாசத்துல போயிடுவீங்க.”

ஏழு வருடம் காகிதம் இல்லாததால் பெயர் இல்லை. இப்போது காகிதம் இருப்பதால் என்னைச் சந்தேகப்படுகிறார்கள். ஒருநாள் அப்பா, “அந்த ஸ்கூல்ல லேப் வேலை மறுபடி காலியா இருக்குதாம்” என்று காற்றைப் பார்த்துச் சொன்னார்.

ஒன்பதாவது மாதம் கேரளத்திலிருந்து ஒரு போன். பல்கலைக்கழகத்தில் இயக்கம் படித்த ஒருவன். அவனுடைய பயிற்சிக் காட்சிகள் மூன்றுக்கு நான் விளக்குப் போட்டிருந்தேன். திருச்சூரில் முதல் பெரிய நாடகம் செய்கிறான், வருகிறாயா என்றான். என்னை ஏன் கூப்பிடுகிறாய் என்று வழக்கம்போலக் கேட்டேன். அவனுடைய இரண்டாவது காட்சியில் நான் ஒரு விளக்கை நாற்பது நொடி முன்னாலேயே அணைத்துத் தொலைத்ததை ஞாபகப்படுத்தினான். அதற்குப் பிறகு நடந்த விமர்சனக் கூட்டத்தில் நான் கையைத் தூக்கி அது என் தப்பு, டிம்மர் தப்பு அல்ல என்று சொன்னேனாம். “மற்றவர்கள் எல்லாரும் டிம்மரைச் சொல்வார்கள். அதனால்தான்” என்றான்.

அந்த நாடகம் நான்கு ஊர்களுக்குப் போனது. அதைப் பார்த்த ஒருவர் பெங்களூருக்குக் கூப்பிட்டார். அங்கிருந்து இன்னொன்று. இப்போது வருடத்தில் ஏழெட்டு நாடகம் செய்கிறேன். இடையில் ஒரு நடனக் குழு. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை.

இதெல்லாம் அந்தப் படிப்பால் வந்ததா? சான்றிதழை இதுவரை எந்த நாடகக்காரரும் கேட்டதில்லை. ஆனால் அங்கே போகாமல் அவனை எங்கே பார்த்திருப்பேன்? அப்பா ஒரு கணக்குச் சொல்கிறார்: அந்த இரண்டு வருடமும் சும்மா இருந்த எட்டு மாதமும் சென்னையில் யார் பின்னாலாவது ஏணி தூக்கியிருந்தால் இதே இடத்துக்கு வந்திருப்பேனாம். வந்திருக்கலாம். என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் அப்படி வந்திருந்தால் அந்தச் சாய்வு விளக்கையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

சென்ற வருடம் பழைய இயக்குநர் போன் செய்தார். நான்கு வருடம் கழித்து அதே அன்பான குரல். ஊரில் ஒரு கல்லூரி ஆடிட்டோரியத்தில் நாடகம், நீதான் வந்து செய்ய வேண்டும் என்றார்.

“நோட்டீஸ்ல உன் பேர் தனியா வரும்மா. எம்.ஏ.ன்னு போட்டே வரும்.”

“எம்.ஏ. வேணாம் சார். ஒளியமைப்புன்னு போட்டு பேரை மட்டும் போடுங்க.”

“போடணும்மா. குழுவுக்கு ஒரு மரியாதை.”

போய்ச் செய்தேன். ஆட்டோக்காரரும் தையல்காரம்மாவும் நடித்தார்கள் என்பதற்காகவே போனேன். நோட்டீஸில் தனி வரியில், கொட்டை எழுத்தில், எம்.ஏ.வோடு என் பெயர் இருந்தது. அக்கா நான்கு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. அதே கை, அதே ஊர், அதே நடிகர்கள். ஏழு வருட வேலைக்குக் கொடுக்காத வரியை இரண்டு வருடப் படிப்புக்குக் கொடுத்தார். அந்தப் படிப்பின் உபயோகம் இதுதான் என்றால், அது விளக்கைப் பற்றிய உபயோகமே இல்லை.

நாடகம் முடிந்து பொருட்களைக் கட்டும்போது இயக்குநர் பக்கத்தில் வந்து நின்றார். “கை கெடல” என்றார். மன்னிப்புக் கேட்கிறாரா, பாராட்டுகிறாரா, அடுத்த நாடகத்துக்கு அடி போடுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. “நன்றி சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேபிளைச் சுற்றினேன்.

இப்போது என்னிடமும் சிலர் போனில் கேட்கிறார்கள், இந்தப் படிப்புக்குப் போகலாமா என்று. போங்கள் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. உங்களைப் போகச் சொன்னவர் யார், போகவேண்டாம் என்றவர் யார் என்று கேட்கிறேன். நான் ஏதாவது சொன்னால் அதில் எனக்கு என்ன கிடைக்கும் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள் என்கிறேன். சிலர் அதோடு போனை வைத்துவிடுகிறார்கள்.

அடுத்த வாரம் கோழிக்கோட்டில் ஒரு புது அரங்கம். மேலே உள்ள இரும்புக் குழாய்கள் நாற்பது விளக்கு தாங்கும் என்று அரங்க மேலாளர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார், படமும் இணைத்திருக்கிறார். படத்தில் பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது, வெல்டிங் எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் முன்னதாகவே டிக்கெட் போட்டுவிட்டேன். போய் ஏணியில் ஏறி, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் முதல் விளக்கைத் தொங்கவிடுவேன்.